மில் சங்கு கேட்ட பெண்

திருவொற்றியூர் மில்லில் சங்கு ஊதும் மனோகரனுக்கு அன்று காலைதான் அம்மா சம்மதம் கொடுத்தாள், குப்பத்து மங்கையைக் கட்டிக்கொள்ளலாமென்று. மங்கையின் அப்பா பொன்னுரங்கமோ கெடு வைத்திருந்தார். உச்சிப் பொழுதுக்குள் பதில் வராவிட்டால், காத்திருக்கும் இன்னொரு மாப்பிள்ளை குணசேகரனோடு தாம்பூலம் மாற்றிவிடுவார். வேலையை விட்டு நகர்ந்தால் சீட்டு கிழியும். பாவம், என்ன செய்வான்?

துறைமுகத்தில் கம்பியில்லாத் தந்தி பார்க்கும் ஹென்றி இதற்கு முன்பே வழி சொல்லியிருந்தான். சத்தம்தான் வண்டி, சேதி அதில் ஏறிப் போகும். ஓர் அலை உடைந்து அடுத்தது உடைவதற்குள் சங்கு ஊதினால் ஒன்று, ஊதாவிட்டால் சைபர். ஒன்று, சைபர், ஒன்று என்றால் 'வேணும்'. மூன்றும் சைபர் என்றால் 'வேணாம்'. பொன்னுரங்கமும் தலையாட்டிவிட்டார். கடலில் வலை வீசுகிறவர், அலை எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா?

மனோகரன் கொதிகலன் கூரையில் நின்று கடலைப் பார்த்து ஊதினான். நிறுத்தினான். மறுபடி ஊதினான். முதல் சங்குக்குச் சோற்றுத் தூக்கோடு வெளியே வந்த மில்காரர்கள் அடுத்ததற்கு உள்ளே போனார்கள். பொன்னுரங்கம் காதில் விழவில்லையோ என்று பயந்து மனோகரன் திரும்பத் திரும்ப ஊதினான். சனம் வெளியே வந்தது, உள்ளே போனது.

"இன்னா மாமு, துன்றதா வோணாமா?" என்று கத்தினார் நெசவுக்கார மதார் சாகிப்.

அதற்குள் பொன்னுரங்கமே மில் கேட்டுக்கு வந்து நின்றார். பின்னால் அழுத கண்ணோடு மங்கை. மனோகரன் பதறி இறங்கி ஓடினான்.

"விடிஞ்சதிலேந்து வோணாம் வோணாம்னு சொல்லிகினே கீற. அலை அலையா எண்ணிகினு கீறேன். இப்ப இன்னாடா திடீர்னு வோணும்ன்ற?"

மனோகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி ஹென்றி! சங்கு ஊதாத நேரமெல்லாம் 'வேணாம்' போய்க்கொண்டே இருந்திருக்கிறதே! ஒன்றுக்குத் தடித்த சத்தம், சைபருக்குக் கீச்சுச் சத்தம் என்று வைத்திருந்தால், சும்மா இருப்பது சும்மா இருப்பதாகவே இருந்திருக்கும்.

"வாயத் தொறந்து சொல்லேன்டா!"

மனோகரன் கூரைமேல் இருந்த சங்கைக் கையால் காட்டினான். பொன்னுரங்கம் கடலைப் பார்த்து விரலை மடக்கினார். "சைபரு... இன்னொரு சைபரு..."

மில்காரர்களுக்குப் பசி காதை அடைத்தது. இந்த வழக்கு தீராமல் சோறு இறங்காது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊதல் மெட்டுதான் காலையிலிருந்தே மனப்பாடம் ஆயிற்றே. மதார் சாகிப் கையைத் தூக்க, மொத்தக் கூட்டமும் "ஊ..." என்றது. நிறுத்தியது. மறுபடி "ஊ..." என்றது.

பொன்னுரங்கம் அரண்டுபோனார். "யம்மாடி! இத்தினி பேருமா எம்பொண்ண கேக்குறானுங்கோ?"

மங்கை அவரைத் தள்ளிக்கொண்டு வந்து மனோகரன் கையைப் பிடித்தாள்.

"என்னிய இவனுக்கே குடுத்துடு நைனா. மத்தவனுங்கோ சோறு துன்னப் போவட்டும்."