நிற்கிற நெல்லில் உளுந்து

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பொங்கல் முடிந்து ஒரு வாரமா, இரண்டு வாரமா என்பதில் உறுதியில்லை. வெயில் அடித்ததாக நான் சொல்கிறேன், மூடுபனி விலகவே இல்லை என்று விண்ணரசி சொல்கிறாள். நடந்தது மட்டும் நடந்தது.

பாபநாசத்தில் உரக்கடை மாடியில் லியாகத் அலி நடத்திய அலுவலகத்தில் நாங்கள் மூன்றே பேர். உழவர் குழு ஒன்றுக்காக, வயல் விவரங்களைப் பதியும் ஆப் செய்துகொண்டிருந்தோம். வயலுக்கு ஒரு ஆவணம். கட்டம் போட்ட பதிவேடு போல இல்லாமல், ஒவ்வொன்றிலும் அந்தந்த வயலுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். அந்த ஆவணங்கள் இருக்கும் தரவுத்தளத்தோடு ஆப் பேசுவதற்கான நிரல் தொகுப்பை, எங்கள் பேச்சில் லைப்ரரியை, விண்ணரசி எழுதினாள். போன் திரைகள் என் வேலை.

அவள் லைப்ரரியில் இரண்டே கட்டளைகள்: 'எடு', 'வை'. மற்றவர்கள் முப்பது கட்டளைகளை வைத்துக் குழப்புகிறார்கள், என்னுதில் இரண்டுக்கு மேல் வராது என்பாள். எட்டு மாத உழைப்பு அது. வெள்ளிக்கிழமைக்குள் நிஜ வயலில் ஒழுங்காக ஓடாவிட்டால் அதை ஓரம்கட்டிவிட்டு, வெளியில் கிடைக்கும் ஒன்றைப் போட்டுக்கொள்வதாக லியாகத் அலி சொல்லியிருந்தார்.

புதன்கிழமை நீடாமங்கலம் பக்கம் பஞ்சநதம் என்பவரின் வயலுக்குப் போனேன். முந்தின நாள்தான் அவர் உளுந்து தெளித்திருந்தார். சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, சேற்றின் ஈரம் காய்வதற்குள் நிற்கிற நெல்லுக்குள்ளேயே தெளித்துவிடுவது இங்கே வழக்கம். வரப்பில் நின்று 'பயிர்: உளுந்து' என்று பதிந்தேன். ஏற்கெனவே பதிந்திருந்த சம்பா திரையிலிருந்து மறைந்தது. ரகம், நட்ட தேதி, எல்லாமே போயிற்று.

பஞ்சநதம் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, நெல்லு இடுப்பு வரைக்கும் நிக்குது. நீங்க அதுக்குள்ள அறுத்துட்டீங்களா?"

விண்ணரசிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"நெல்லக் காணோம்."

"எந்த நெல்லு?"

"ஐயாவோட சம்பா. உளுந்தப் பதிஞ்சதும் போயிடுச்சு."

காரணம் இருவருக்கும் உடனே புரிந்தது. 'வை' பழைய ஆவணத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறது. வயலுக்கு ஒரு பயிர் என்று எண்ணியே இத்தனை நாளும் சோதித்திருந்தோம். இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் வருடா வருடம் உளுந்து தெளிக்கிறார்கள்.

"முதல்ல எடுத்து, அதுல உளுந்தச் சேர்த்து, முழுசா வச்சிடு பரணி," என்றாள்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பதிஞ்சா? ஒருத்தர் எழுதினது அழிஞ்சிடுமே."

பஞ்சநதம் பொறுமையிழந்து போன் பக்கம் குனிந்தார். "ஏம்மா, நெல்லப் புடுங்கிப் போட்டுட்டா நான் உளுந்து தெளிச்சேன்? நெல்லு பாட்டுக்கு நிக்குது, இது பாட்டுக்கு உள்ள விழுந்து கிடக்கு. இதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"ஐயா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத்தன தடவ சொன்னாலும் நெல்லு நிக்கத்தான் செய்யுது."

அவள் சொல்லிக்கொள்ளாமலே போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை லியாகத் அலியும் எங்களோடு அதே வயலுக்கு வந்தார். லைப்ரரியில் இப்போது மூன்றாவதாக ஒரு கட்டளை இருந்தது: 'தெளி'. இருப்பது எதையும் தொடாமல், கொடுத்ததை மட்டும் உள்ளே சேர்க்கும். சம்பா விவரங்களை மறுபடி ஏற்றியிருந்தோம். நான் உளுந்தைப் பதிந்த அதே நொடியில் லியாகத் அலி தன் போனில் தண்ணீர் வடித்த தேதியைப் பதிந்தார். விண்ணரசி தன் போனில் ஆவணத்தைத் திறந்தாள். சம்பா இருந்தது, உளுந்து இருந்தது, தேதியும் இருந்தது.

லியாகத் அலி இன்னும் நாலு முறை பதிந்து பார்த்தார். ஒன்றும் அழியவில்லை.

"ரெண்டுக்கு மேல வராதுன்னியேம்மா?"

"நான் எங்க பாய் கொண்டாந்தேன்? ஐயா தெளிச்சுட்டாரு."

"சரி, உன்னுதே இருக்கட்டும்," என்றார் அவர்.

பஞ்சநதம் பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த கரும்பை ஒடித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். யாரும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்து கடித்தோம். என் வாழ்க்கையில் அப்படி நிறைந்த மௌனங்கள் அதிகம் இல்லை.

பஞ்சநதம் அந்தச் சம்பாவை அறுத்தார், உளுந்தும் நன்றாகவே வந்தது. இப்போது உழவர் குழுவின் செயலாளர் அவர். லியாகத் அலி அலுவலகத்தைக் கும்பகோணத்துக்கு மாற்றிவிட்டார். விண்ணரசி ரயிலில் போய் வருகிறாள். அவள் லைப்ரரி நான்கு ஆப்களில் ஓடுகிறது, கட்டளைகள் இன்றும் மூன்றுதான். நான் அவளுக்கு எதிர் மேசையில் இருக்கிறேன்.