பின்பக்கம் நின்ற கெடா

எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டில் கார் நிற்க வேண்டிய இடத்தில் அந்த வாரம் ஒரு கெடா நின்றது. கார் தெருவில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நெல்லூர் ஆடு, முழு வெள்ளை. ஆந்திராவிலிருந்து லாரியில் வந்து செஞ்சி சந்தையில் இறங்கியதை நானே பார்த்துப் பொறுக்கினேன். அதன் முதுகு என் இடுப்புக்கு வரும், தலையைத் தூக்கினால் மார்புக்கு. கேட்டுக்கு மேலே அது எட்டிப் பார்த்தபோது தெருவில் போன ஸ்கூட்டர்கள் வேகம் குறைத்தன. எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேத்தி அபிக்குக் காது குத்து. சம்பந்தி சாமிக்கண்ணு வீட்டுக் குலதெய்வம் கோரிமேட்டுக்கு மேற்கே இருக்கும் முனீஸ்வரன். தாய்மாமன் சீர் எங்களுடையது. சீரில் மற்றதெல்லாம் தட்டில் அடங்கிவிடும். கெடா அடங்காது, அது நடந்து வர வேண்டும். அதன் கறிதான் முதல் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் இலையில் விழும். என் மகள் ஹேமலதா அந்த வீட்டில் நிமிர்ந்து நடப்பாளா, குனிந்து நடப்பாளா என்பது அதை வைத்துத்தான் என்று நான் நினைத்தேன். என் மனைவி தனத்தின் எண்ணம் வேறு. அதை அவள் யாரும் கேட்காமலே சொல்வாள்.

கெடா ஓயவே இல்லை. கட்டின கயிற்றின் நீளத்துக்கு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தது. டைல்ஸ் தரையில் குளம்பு வழுக்கியது. விழப்போய் நிமிரும், மறுபடி நடக்கும். அகத்திக்கீரையை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். பிண்ணாக்கை மிதித்துக் குழப்பும். உள்ளே நாற்காலியில் நான் உட்கார்ந்தால் அந்தக் குளம்புச் சத்தம் என்னை எழுப்பும். எழுந்து போய்ப் பார்த்தால் அது என்னைப் பார்க்காது, தெருவைப் பார்க்கும்.

வியாழக்கிழமை என் மகன் பிரேம்குமார் வந்தான். குழந்தைக்குத் தாய்மாமன் அவன்தான். அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு ஏம்பலத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் ஆட்டுப்பட்டி போட்டான். இந்தப் பக்கத்துச் செவலைச் செம்மறி. என் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொம்யூன் என்ற ஊராட்சியில் பெரிய மனிதர். அவர் பெயரில் இருந்த நிலத்தில் புழுக்கை. அவன் பட்டி போட்ட நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. "தம்பி எப்படி இருக்கார், வேலை எல்லாம் எப்படி?" என்று சம்பந்தி கேட்கும்போதெல்லாம், "கம்பெனியில நல்லா போகுது" என்றேன். மகளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். பயிர் வைத்த குடும்பம் ஆட்டின் பின்னால் நடக்கிறது என்று அவர்கள் வீட்டில் ஒருவர் வாய் திறந்து சொல்ல நான் விடமாட்டேன்.

பிரேம் கெடாவின் விலாவில் கை வைத்துப் பார்த்தான்.

"இருமுதே?"

"தண்ணி குடிக்கும்போது பொறை ஏறிச்சு."

"இல்லப்பா. லாரியில நின்னுகிட்டே வந்த ஆடு. தண்ணி மாறி, தீனி மாறி, மேல மழை வேற. இந்த ஊரு அதுக்கு ஒத்துக்க நாளாகும். ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னும் எளைச்சிடும்."

"எளைச்சாலும் உன் ஆட்டுல ரெண்டுக்குச் சமமா நிக்கும்."

"உசரம் நிக்கும், கறி நிக்காது. காலைப் பாருங்க, எல்லாம் எலும்பு. நம்ம செவலை குட்டைதான். ஆனா கொட்டற மழையில மேயும், வரப்போரப் புல்லத் தின்னே சதை போடும். உரிச்சுத் தொங்கவிட்டா ஒடம்புல பாதிக்குப் பக்கமா கறி. கால்நடை டாக்டருங்களே எடை போட்டுப் பாத்துட்டு..."

"சீரைத் தராசுல போடமாட்டாங்கடா. கண்ணால பாப்பாங்க."

"அப்ப முதல் பந்திக்குக் கண்ணையே பரிமாறிடுங்க" என்றாள் தனம் உள்ளேயிருந்து.

பிரேம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "உன் பட்டியிலேர்ந்து ஒரு ரோமம்கூட அங்க வரக்கூடாது" என்றேன்.

வெள்ளை ஆட்டை வீட்டில் வைத்திருப்பது லேசான காரியமல்ல. சாணியும் சேறும் ஒட்டிக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் நானே ஷாம்பு போட்டு, ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவினேன். முதல் நாள் அது உடம்பைக் குலுக்கி உதறியதில் என் சட்டை, சுவர், தனத்தின் கோலம் எல்லாம் நனைந்தன. அடுத்த நாள் அவ்வளவு இல்லை. வெள்ளிக்கிழமை தலையில் நேராகத் தண்ணீர் அடித்தும் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. பெரிய வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது என்று தனத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாவம்" என்றாள் அவள்.

சனிக்கிழமை சமையல்காரர் போன் செய்தார். வரப்போகும் கூட்டத்துக்கு ஒரு கெடா காணாது, இன்னொன்று வேண்டும் என்றார். மழையில் எங்கே போய்த் தேடுவது? பிரேம் என்னைப் பார்த்தான்.

"சரி, ஒண்ணு கொண்டா" என்றேன். "பின்பக்கமா கொண்டு போய் அடுப்புக்கிட்ட கட்டு. யாரோடதுன்னு கேட்டா வாயைத் திறக்காத."

"கேட்டா இன்னா சொல்றது?"

"வாங்கினதுன்னு சொல்லு."

அவன் போய்விட்டான். கெடா நடந்துகொண்டே இருந்தது.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. கோயில் முன்னால் பந்தல். குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்ததும் கெடா இறங்கியது. கழுத்தில் கதம்ப மாலை, நெற்றியில் மஞ்சள், குங்குமம். மேளக்காரர் தானாகவே வேகம் பிடித்தார். போன்கள் எல்லாம் மேலே எழுந்தன. பட்டுச் சட்டையில் வந்த சம்பந்தி சாமிக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, இது இன்னா கெடாவா, குதிரையா?"

"எங்க வழக்கம் அப்படி" என்றேன்.

மகளைப் பார்த்தேன். மடியில் குழந்தையோடு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்துதான் இருந்தாள். அந்த வாரம் முழுவதும் எனக்குள் நடந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போது கொஞ்சம் நின்றது.

வெட்டுவதற்கு முன் கெடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைக் குலுக்க வேண்டும். குலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. குலுக்காவிட்டால் வெட்ட முடியாது.

பூசாரி வேப்பிலையால் தெளித்தார். கெடா நின்றது. இன்னும் கொஞ்சம் தெளித்தார். நின்றது. சொம்பை எடுத்து முதுகில் ஊற்றினார். காதில் ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளிக்கிழமை என் முன்னால் நின்ற அதே நிலையில் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரிடம் போய்ச் சொல்வது, ஆட்டைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி நானே கெடுத்துவிட்டேன் என்று?

குடம் வந்தது. முழுக் குடத்தையும் கவிழ்த்தார்கள். கெடா இருமியது. அவ்வளவுதான்.

மேளம் நின்றுவிட்டது. சம்பந்தியின் அக்கா சின்னப்பாப்பா கூட்டத்தின் முன்னால் வந்தார். மெதுவாகப் பேசி அந்த அம்மாளுக்குப் பழக்கமில்லை.

"ஆட்டுல ஒரு கொறையும் இல்ல. கொண்டாந்தவங்க மனசுலதான் ஏதோ கொறை இருக்கு. எதையோ மறைச்சு வெச்சுகிட்டு வந்திருக்காங்க, முனி ஏத்துக்கமாட்டேங்குறான்."

"அக்கா, சும்மா இரு" என்றார் சம்பந்தி. ஆனால் அவரும் என்னைப் பார்த்தார். மகள் குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள், சரியாக இருந்த சட்டையை. அவள் தலை குனிந்திருந்தது.

பூசாரி வானத்தைப் பார்த்தார். மேகம் மறுபடி திரண்டிருந்தது. "நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு. வேற கெடா இருக்குதா?"

சம்பந்தி என் காதருகே வந்து, மரியாதையாகத்தான், கேட்டார். "சம்பந்தி, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. எங்க பசங்கள அனுப்பி பக்கத்துல ஒண்ணு வாங்கியாரச் சொல்லட்டுமா?"

தாய்மாமன் சீரைப் பிள்ளை வீட்டார் வாங்கித் தருவது. அந்தப் பேச்சு என் பேத்திக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் ஓயாது. அவள் கல்யாணப் பந்தலிலும் இந்தச் சின்னப்பாப்பா எழுந்து நின்று சொல்லும். இன்னொரு பக்கம், அடுப்பங்கரையில் புளியமரத்தடியில் ஒரு கெடா கட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தால் அது யாருடையது என்று கேட்பார்கள். வாங்கினது என்று சொல்லலாம். பிரேம் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கினது என்று அவன் முன்னால் நான் சொல்ல வேண்டும், முனீஸ்வரன் முன்னாலும்.

"பிரேமு" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "உன் கெடாவ இட்டுகிட்டு வா."

அவன் ஓடினான்.

செவலைக் கெடா பின்பக்கத்திலிருந்து வந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை, வாயில் பாதி மென்ற வாழைச் சருகு. வெள்ளைக் கெடாவின் பக்கத்தில் நின்றபோது அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"குதிரை போட்ட குட்டியா இது?" என்றார் சின்னப்பாப்பா.

பூசாரி வேப்பிலையைத் தண்ணீரில் முக்கினார். முதல் துளி காதில் பட்டதுதான். கெடா மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு குலுக்குக் குலுக்கியது. மழை ஈரமும் சேறும் மஞ்சள் தண்ணீரும் சேர்ந்து எழும்பி, முன்னால் நின்ற சம்பந்தியின் பட்டுச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் இறங்கின. அதோடு விடாமல் இன்னொரு முறையும் குலுக்கியது. சின்னப்பாப்பாவின் மூக்குக் கண்ணாடியில் மஞ்சள் புள்ளி.

பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் பிடித்துக்கொண்டது. சம்பந்தி சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"யார் வீட்டு ஆடு சம்பந்தி இது, இவ்ளோ கோவக்கார ஆடு?"

மேளச் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்திருக்கலாம். சின்னப்பாப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தார்.

"எங்க பட்டி ஆடு" என்றேன். "ஏம்பலத்துல எங்க நிலத்துல பட்டி இருக்கு. என் மகன் வளர்க்கிறான். கம்பெனியை விட்டு ரெண்டு வருஷம் ஆவுது."

சொல்லி முடித்தும் கழுத்தை வளைக்காமல் நின்றேன். சம்பந்தி பிரேமைப் பார்த்தார், பிறகு என்னை. என்ன நினைத்தார் என்று அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொன்னார். குழந்தைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் அது அலறியது.

முதல் பந்தியில் கறிக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அண்டாவைப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்ன ஒடம்புலேர்ந்தா இவ்ளோ வந்துது?" என்று சமையல்காரர் பிரேமைக் கேட்டது என் காதில் விழுந்தது. சம்பந்தி எலும்பை ஒதுக்க அதிகம் வேலையில்லாமல் சாப்பிட்டார். சின்னப்பாப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் இலையின் முன்னால் உட்காரவில்லை. வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தேன்.

கை கழுவிவிட்டு சம்பந்தி வந்தார்.

"சம்பந்தி, தைக்குப் பொறவு எங்க தம்பி வீட்ல ஒரு விசேஷம். இதே மாதிரி ரெண்டு கெடா ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க. வெல இன்னான்னு தம்பிகிட்ட கேட்டுக்கிறேன்."

இது மரியாதையா, இடக்கா? என்னை ஆட்டு வியாபாரியாக்கிவிட்டாரா, என் மகனை ஒரு மனிதனாக எண்ணிக் கேட்கிறாரா? அவர் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. மகள் கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் பார்த்தாள்.

"சம்பந்திக்கு நாங்க விக்கிறதில்ல" என்றேன். "சீரா வரும்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் தலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் நடையை நான் பார்த்தேன்.

திரும்பும்போது தனம் ஹேமலதாவோடு இருந்துவிட்டாள். குட்டியானையை பிரேம் ஓட்டினான், நான் பக்கத்தில். பின்னால் வெள்ளைக் கெடா, மாலையோடு. சாமி வேண்டாம் என்றதை வெட்டவும் முடியாது, அங்கே விட்டுவிட்டு வரவும் மனமில்லை. வண்டியின் மேல்கம்பிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தம், சிக்னல் எல்லாவற்றிலும் ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தது. ஊரும் அதைப் பார்த்தது. காலையில் பார்த்த அதே கண்கள்தான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"ரெண்டு கெடா சீரா?" என்றான் பிரேம். "அது என் ஆடுப்பா. தீவனம் போட்டவன் நான்."

"நிலம் யாரோடது?"

"அப்ப நிலத்தையே வெட்டிக் குடுங்க."

பின்னால் இருமல் கேட்டது. மறுபடி தூறல் போட்டது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெரு வந்தது. அவன் வேகம் குறைத்தான்.

"நேரா போ."

"எங்க?"

"பட்டிக்கு. இதுக்கு அங்க காய்ஞ்ச எடம் இருக்குமில்ல? டாக்டர வரச் சொல்லு. அப்படியே சம்பந்திக்கு எந்த ரெண்டுன்னு நானே பாத்துப் பொறுக்கணும்."

"உசரம் பாத்தா?"

"வண்டிய ஓட்டுடா."