துஷ்யந்தி சொன்ன ஓம்

மயானத்திலிருந்து வந்து அச்யுதன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அம்மா மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஓம்னா. நான் கால்மாட்டுல உக்காந்துண்டிருந்தேன். என் காதால கேட்டேன்."

"பிரணவம்," என்றாள் பக்கத்து ஃப்ளாட் சூடாமணி மாமி. "ஜெயம், இது யாருக்கு வாய்க்கும்? நாமெல்லாம் காஃபி காஃபின்னுதான் போகப்போறோம்."

காலையில் சாஸ்திரிகளும் அதைத்தான் சொன்னார். பிரணவத்தோடு பிரிந்த உயிருக்குத் திரும்பி வருகிற வேலை இல்லையாம். அச்யுதன் தலையாட்டினான்.

கல்யாணமான புதிதில் துஷ்யந்தி எதற்கும் ஓம் என்றுதான் சொல்வாள். குக்கர் வைத்தாயா என்று அம்மா கேட்டால், "ஓம் மாமி." யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது வெறும் ஆமாம். அவள் குடும்பம் கொழும்புக்குக் குடிபோன பிறகும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அது பூஜை ரூம்ல சொல்றது. இங்க ஆமாம்னு சொல்லு," என்றாள். துஷ்யந்தி ஒரே வாரத்தில் திருத்திக்கொண்டாள். இலங்கை என்று கேட்டாலே மெட்ராஸில் வீட்டுக்காரர்கள் முகம் மாறிய வருஷங்கள் அவை. மருமகளுக்குப் பாலக்காடு என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சூடாமணி மாமி நம்பினாள். "அதான் பேச்சு அப்படி இழுக்கறது." துஷ்யந்தி அதற்கும் சிரித்தாள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில், அங்கே சண்டை நின்றிருந்த சமயம், அவளைக் கொழும்புக்கு அழைத்துப் போனான். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு சந்து. எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்த அவள் வீட்டின் இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. அவள் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. நேராகக் கடலோரத் தண்டவாளத்துக்குப் போனாள். சின்ன வயதில் ரயில் கடக்கும்போது சட்டைக்குள் காற்று நிரம்பிப் பலூன் மாதிரி ஆகுமாம், அதற்காகவே தினமும் வந்து நிற்பார்களாம். ரயில் வந்தது. புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது, இந்த ஊர்ப் பிள்ளையா என்று மூலைக் கடைக்காரர் விசாரித்தார்.

"ஓம்," என்றாள்.

அவ்வளவு உரத்து அவள் பேசி அவன் கேட்டதில்லை. அதன் பிறகு பஸ் கண்டக்டரிடம் ஓம், அங்கேயே இருந்துவிட்ட சித்தியிடம் ஓம், அவனிடமும் ஓம். அவனுக்குத் தெரியாத ஒரு பெண் கூடவே நடந்து வந்தாள். புறப்படுவதற்கு முதல் நாள் கேட்டாள்.

"நீங்க போங்கோ. நான் சித்தியோட ஒரு மாசம் நிண்டுட்டு வாறன்."

அம்மா என்ன சொல்வாள் என்றான். விமானத்தில் பணிப்பெண் டீ வேண்டுமா என்று கேட்டபோது, துஷ்யந்தி "ஆமாம்" என்றாள்.

ஊர் திரும்பிச் சில நாளில் காய்ச்சல். அந்த ஊர்த் தண்ணி என்றாள் அம்மா. மலேரியா, மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். "அந்த ஊர்க் கொசுவா மயிலாப்பூர்க் கொசுவான்னு கொசுவைத்தான் கேக்கணும் சார்."

நேற்று மத்தியானம் கண்ணைத் திறந்தாள். அச்யுதன் குனிந்து, அவள் காதோடு கேட்டான்.

"உன்னை அங்கயே விட்டுட்டு வந்திருக்கணுமா?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. கால்மாட்டில் இருந்த அம்மாவுக்குப் பதில் மட்டும்தான் கேட்டிருந்தது.

துவட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அம்மாவின் கண்கள் நிஜமாகவே வீங்கியிருந்தன. அந்தச் சொல்லைத் திருத்தியது யார் என்பதை அவள் மறந்துவிட்டாளா என்று முகத்தைப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை.

டெலிபோன் அடித்தது. டொரன்டோவிலிருந்து துஷ்யந்தியின் அம்மா. நேற்றே அவள் மகனிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்று. இப்போதுதான் அவளால் பேச முடிந்திருக்கிறது. அம்மா ரிசீவரை அவனிடம் நீட்டினாள்.

"அவ சொன்னதைச் சொல்லுடா. பெத்தவளுக்கு ஆறுதலா இருக்கும்."

அழுது ஓய்ந்த குரல் கேட்டது. "தம்பி, பிள்ளை கடைசியா ஏதும் கதைச்சவளோ?"

"ஓம்னா."

காலையிலிருந்து இதைக் கேட்டவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமி இப்போதும் போட்டுக்கொண்டாள். டொரன்டோவிலிருந்து உடனே கேள்வி வந்தது.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

அம்மா பக்கத்திலேயே நின்றாள். கறுப்பு ஒயர் சுருளை அச்யுதன் விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"தம்பி? என்னத்துக்கு ஓம் எண்டவள்?"

"ஆத்துக்குப் போலாமான்னு கேட்டேன்."

லைனில் ஏதோ கோளாறு. அவன் சொன்னது அத்தனை தூரம் போய், அவன் குரலிலேயே அவன் காதுக்குத் திரும்பி வந்தது. ஆத்துக்குப் போலாமான்னு கேட்டேன். அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை ஒரு தடவைதான் கேட்டது.