வார்ப்பு நேரத்தில் வாய் திறக்கக் கூடாது

அரசருக்குக் கண்ணாடி வார்க்கும் எங்கள் ஊர் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. உலையிலிருந்து கண்ணாடிக் குழம்பு கிளம்பியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அது மேசையில் பரவி முடியும்வரை ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு கேட்டால் கவனம் சிதறும், கண்ணாடி பாழாகும் என்பது மேலாளர் தெலாகூரின் கணக்கு. போன வருடம் தும்மியவன்கூட ஒரு வாரம் சாம்பல் கூட்டினான்.

இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் எடுத்துப் போனவன் அங்கே உருளை தள்ளும் எலுவா. மூன்று வருடமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். காளான் கொண்டு வந்தான், முயல் கொண்டு வந்தான், ஒரு வார்த்தை கொண்டு வரவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். அதற்குள் அப்பா என்னை விறகு வியாபாரி அன்செல்முக்குக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டார். அன்செல்முக்கு மூன்று வண்டி, இரண்டு பல்.

அன்செல்ம் பேச்சு முடிக்க வந்த அன்று காலை, ஆப்பிள் மது கொண்டுபோகும் சாக்கில் ஆலைக்குள் ஓடினேன். நான் நுழைந்ததும் கதவு சாத்தப்பட்டது. பின்னாலேயே வந்த அப்பா வெளியிலிருந்து தட்டினார்.

"பெரீன், அந்த எலுவா உன்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றானா? அவன் வாயால சொல்லட்டும். பத்து எண்ணுவேன். சத்தம் வரலைன்னா அன்செல்முக்குக் கை குடுத்துடுவேன். ஒண்ணு."

அப்பா கை கொடுத்தால் கொடுத்ததுதான். ஊரே வந்து கெஞ்சினாலும் மாறாது.

உள்ளே செக்கச்செவேலென்று குழம்பு மேசையில் கொட்டியது. எலுவா கனத்த உருளையை அதன்மேல் தள்ளிக்கொண்டிருந்தான்.

"காதுல விழுதா எலுவா? வாயைத் தொறந்து சொல்லேன்," என்றேன். நான் ஆலை ஆளில்லை, எனக்கென்ன சட்டம்.

"நாலு."

எலுவா வேகமாகத் தலையாட்டினான். கூட இருந்த பதினெட்டுப் பேரும் சேர்ந்து ஆட்டினார்கள்.

"அப்பா, தலையாட்டுறான்ப்பா. எல்லாரும் ஆட்டுறாங்க."

"எல்லாருக்குமா கட்டிக் குடுப்பேன்? தலையாட்டுறது எனக்கு எப்படிடி கேக்கும்? எட்டு."

"கையை நீட்டிக்கிட்டே நிக்கிறேன் மாமா, வலிக்குது," என்றது அன்செல்மின் குரல்.

எலுவாவின் கழுத்து குழம்பைவிடச் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒம்பது."

"சரின்னு சொல்லித் தொலைடா, கழுதை."

கத்தியது தெலாகூர். உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"சரி," என்று எலுவா போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. உருளை மட்டும் நிற்கவில்லை.

ஆறவைக்கும் சூளையில் பத்து நாள் கிடந்து வெளியே வந்த கண்ணாடியில் ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. தெலாகூரும் எலுவாவும் ஒரு வாரம் சேர்ந்து சாம்பல் கூட்டினார்கள்.

கல்யாணத்தன்று பாதிரியார் எலுவாவிடம் சம்மதம் கேட்டார். பாழாய்ப்போனவன் தலையாட்டினான். பின்னால் பதினெட்டுத் தலைகள் ஆடின. முன்வரிசையில் தெலாகூர் எழுந்துவிட்டார்.

"இருங்க ஐயா, நானே சொல்றேன்," என்றான் எலுவா. என் பக்கம் திரும்பினான். "சரி, சாமி. மூணு வருஷமாவே சரி."