இறக்கத்தில் நின்ற கார்

வில்பட்டியில் சின்னச்சாமியின் காரை அறியாதவர் கிடையாது. விடிந்தும் விடியாமலும் அது தன் கச்சேரியைத் தொடங்கிவிடும். சாவியைத் திருகினால் ஒரு முனகல். அடங்கும். மறுபடி இன்னொரு முனகல். ஊரே போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும். ஆடி அசைந்து கடைசியில் சின்னச்சாமி பிரேக்கை விடுவார். கார் இறக்கத்தில் உருண்டு, பாதி வழியில் கியரில் விழுந்து, புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும்.

மலையில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. பனியில் மடங்கி, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் டீசல் வண்டிக்கு இறக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம், யாரும் மீறியதும் இல்லை. அந்தச் சட்டத்தின் மேல்தான் சின்னச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் வேறு இறக்கமே இல்லாததுபோல, தம்பி பெண்டாட்டி மணிமேகலையின் பூண்டுக் காட்டுக்குத் திரும்பும் வழியை அடைத்துக் காரை நிறுத்தினார். பூண்டு ஏற்றும் பிக்கப் வெள்ளனே வரும், ஹாரன் அடிக்கும், இந்தக் கார் நகராது என்று தெரிந்ததும் அடுத்த காட்டுக்குப் போய்விடும். அது போன பிறகு காருக்கு உயிர் வந்துவிடும்.

மணிமேகலைக்கு வயிறு எரிந்தது. பிடுங்கிய பூண்டு முழுக்கக் கொட்டகையில் கிடந்தது. மழையும் மூட்டமும் விடவில்லை. அடியில் கிடந்த கட்டுகளில் பூஞ்சை வாடை வரத் தொடங்கிவிட்டது. தலைச்சுமையாக ரோட்டுக்கு இறக்க ஆள் கூப்பிட்டால், சின்னச்சாமிக்குப் பயந்து ஒருத்தரும் வரவில்லை.

"வழியில்லாத காட்டை வச்சுக்கிட்டு ஏன்ம்மா மல்லுக்கட்டுற?" என்று சின்னச்சாமி ஒருநாள் வேலியோரம் நின்று சிரித்தார். "காட்டேஜ் கட்டுறவன் கேக்குறான். கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரு."

"எங்கப்பா எம்பேர்ல குடுத்த காடு மாமா. கையெழுத்து வேணும்னா எங்கப்பாவ சுடுகாட்டுலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வாங்க."

அவள் கணவன் குமாரவேல் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அண்ணன் எதிரே வாய் திறக்காதவன். வாய் திறக்காதது மட்டுமா, வேலை முடிந்து வந்ததும் அண்ணன் கார் பேனட்டைத் திறந்து, எஞ்சின் மேல் சாக்குப் போர்த்திவிட்டுத்தான் வீட்டுப் படியேறுவான். "குளிர்ல வண்டி மடங்குது மணி, பாவம்" என்பான். கட்டின பெண்டாட்டிக்கு ஒருநாள் போர்த்திவிட்டவன் இல்லை.

ஊர்ப் பெரியவர் பொன்னுவேலிடம் அவள் பிராது கொண்டுபோனாள். அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, வண்டி சரியாகும்வரை சின்னச்சாமி இறக்கத்தில் நிறுத்திக்கொள்ளட்டும் என்றார். "ஸ்டார்ட்டர் மோட்டாரு திண்டுக்கல்லுலேர்ந்து வரணும்ங்கய்யா" என்றார் சின்னச்சாமி, முகத்தைப் பச்சைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு. அந்த மோட்டார் திண்டுக்கல்லிலிருந்து நடந்து வந்திருந்தால்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும்.

உரம் வாங்கக் கொடைக்கானல் போன அன்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மார்க்கெட் பக்கம், சமதரையில், சின்னச்சாமி காரில் ஏறினார். சாவியைத் தொட்டதுதான் தாமதம், கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் இவளைப் பார்க்கவில்லை.

நேரே மெக்கானிக் விக்னேஷின் ஷெட்டுக்குப் போனாள். யார் வண்டி என்று சொல்லவில்லை, வண்டியின் குணத்தை மட்டும் சொன்னாள்.

"குளிருக்கு மடங்குனா வெயில் ஏறுனதும் சரியாயிரும்க்கா. அது அப்படியா?"

"வெளிய எடுக்காத நாள்ல மத்தியானம் வரைக்கும் இறக்கத்துல நின்னாலும் அதே முனகல்தான் தம்பி. இங்க டவுன்ல மட்டும் ஒரே தட்டுல கிளம்புது."

"சாவி போடுறப்ப ஹெட்லைட் மங்குதா?"

அவள் யோசித்தாள். தினமும் அந்த வெளிச்சம் அவள் கொட்டகைச் சுவரில்தான் விழும். "இல்ல. பளிச்சுன்னுதான் எரியுது."

"அப்ப பேட்டரி நல்லாருக்கு. எஞ்சினுக்குப் போற எர்த் ஒயரு லூசா இருக்கும். அந்த நட்டு தளர்ந்தா மோட்டாருக்குக் கரண்டு பத்தாது, முனகத்தான் செய்யும். இறுக்குனா சரியாயிரும்." கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பழைய எஞ்சினில் அந்த நட்டைக் காட்டினான். "ஆனா தானாத் தளர்ற நட்டு, தானா இறுகாதுக்கா."

அன்று சாயங்காலம் சின்னச்சாமி காரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும் மணிமேகலை பேனட்டைத் தூக்கினாள். நட்டு கெட்டியாகத்தான் இருந்தது. மகளின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, நட்டின் மேலிருந்து ஒயர்வரை தாராளமாக ஒரு கோடு இழுத்தாள். யாராவது நட்டைத் திருகினால் கோடு உடையும். பனியில் பாலிஷ் லேசில் காயாது என்பதைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

மறுநாள் வெள்ளனே பொன்னுவேலையும் அக்கம்பக்கத்தாரையும் கையோடு கூட்டிவந்தாள். குமாரவேலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். "காலங்காத்தால எதுக்குத்தா ஊரைக் கூட்டுற" என்று எரிந்து விழுந்தபடியே சின்னச்சாமி சாவியைத் திருகினார். கார் முனகியது. கொட்டகைச் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று நின்றது.

அவள் பேனட்டைத் திறந்து சாக்கை இழுத்துப் போட்டாள். சிவப்புக் கோடு உடைந்து, பாதி நட்டிலும் பாதி ஒயரிலுமாக விலகி நின்றது. ஒயரைப் பிடித்து ஆட்டினாள், ஆடியது.

"நேத்து சாயங்காலம் நான் இழுத்த கோடுங்கய்யா. நட்டு இறுகி இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா யாரோ தளர்த்தியிருக்காங்க. எல்லாம் எம் பூண்டு அழுகுறதுக்கு."

பொன்னுவேல் குனிந்து பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "என்னப்பா சின்னச்சாமி இது?"

"பழனியாண்டவன் மேல சத்தியம். அந்த நட்டை நான் தளர்த்தல." சின்னச்சாமி கற்பூரம் இல்லாமலே உள்ளங்கையை நீட்டினார். பொய்ச் சத்தியம் செய்யும் ஆள் இல்லை அவர், அது ஊருக்கே தெரியும். மணிமேகலைக்கு ஒரு கணம் தடுமாறியது.

"அண்ணன் அப்படிச் செய்யுற ஆளில்லங்கய்யா" என்று குமாரவேல் முன்னால் வந்தான். வாய் திறக்காதவன் இன்றைக்குத் திறந்தான். அண்ணனுக்கு அரணாகக் கையையும் தூக்கினான்.

தூக்கிய கையின் ஸ்வெட்டர் நுனியில் சிவப்பாக ஒரு தீற்றல். குளிர்ந்த இரும்பை வெறும் விரலால் தொட மாட்டான் அவன், அடுப்படியில் பாத்திரம் பிடிக்கிற மாதிரி ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுத்தான் பிடிப்பான். அவள் பார்வை போன இடத்தைப் பொன்னுவேலும் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். கடைசியாகக் குமாரவேல் பார்த்தான்.

"மணி, நான்... காட்டை வித்துட்டு டவுன்ல இருந்தா பிள்ளைக்கும் நல்ல ஸ்கூலு. நீ ஒத்துக்கவே மாட்டேன்ன. ராத்திரி நான் தளர்த்துவேன், ஊரைத் தாண்டுனதும் அண்ணன் இறுக்கிக்குவாரு. அண்ணன்தான், வழி அடைஞ்சா நீயே கையெழுத்துப் போட வந்துருவன்னு..."

இத்தனை நாள் அவள் சாபமெல்லாம் ஒரே ஆள் மேல் மட்டும் போயிருந்தது. தினமும் அவள் அழுகின பூண்டைப் பொறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன செய்யுறது, நம்ம நேரம்" என்று சேர்ந்து பொறுக்கினவன் இவன். அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

"ஸ்பேனர் எங்க?"

அவன் பாக்கெட்டிலிருந்து எடுத்தான்.

"இறுக்குங்க."

ஊர் பார்க்கக் குனிந்து இறுக்கினான். சின்னச்சாமி யாரையும் பார்க்காமல் சாவியைத் தொட்டார். கார் ஒரே தட்டில் கிளம்பியது. கீழே வளைவில் பிக்கப்பின் ஹாரன் கேட்டது.

மணிமேகலை காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"மாமா, வண்டி நல்லாயிருச்சு. இனிமே எங்க வேணும்னாலும் நிறுத்துங்க, இங்க வேணாம். போறப்ப உங்க தம்பியையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பிக்கப் மேலே ஏறி வருவதற்குள் பூண்டுக் கட்டுகளை வெளியே எடுக்க வேண்டும்.