ஒடகாரின் பிரிண்டர் பக்கம்

எங்கள் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில் நீலம், பச்சை என்று இரண்டு டெஸ்க்டாப் முகப்புகள். நீலத்துக்குப் பொறுப்பு ஒடகார், பச்சைக்கு இவோ. பயனர்களுக்கான உதவிப் பக்கங்களைக் காட்ட ஆளுக்கொரு உதவித் திரை எழுதி வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாகவே காலம் தள்ளினார்கள். செக் நாட்டு ப்ர்னோ நகரில் இருவரும் போவது ஒரே பீர்க்கடைக்குத்தான், ஆனால் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள்.

எங்கள் குழுவில் இருக்கும் லிபுஷே எழுதிய புது மென்பொருள் கருவி, கணினியில் எங்கெங்கோ கிடக்கும் உதவிப் பக்கங்களைத் தேடி ஒரே அட்டவணையாக்கித் தரும். இரண்டு திரைகளும் அதையே படித்துக் காட்டினால் போதும், யார் எழுதிய பக்கமும் எல்லோர் கண்ணிலும் படும். அவளுடைய ஒரு வருட உழைப்பு அது. புதிய பதிப்பில் சேருமா, குப்பைக்குப் போகுமா என்று அன்று மாலைக்குள் சொல்ல வேண்டியவன் நான். எனக்கோ மூன்று பேர் மேலும் சந்தேகம். காசு வாங்காமல் உழைக்கிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை.

அன்று மூவரையும் ஒரே மேசைக்கு இழுத்து, அந்தக் கடையிலேயே சோதனை மடிக்கணினியைத் திறந்தோம். நீலத் திரையில் பச்சைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. பச்சையில் நீலம் இல்லை.

"பாத்தியா? இவ இவோவோட ஆளு. எங்க பக்கத்தையெல்லாம் அமுக்கிட்டா!" என்று ஒடகார் கத்தினான்.

"உன் பக்கத்தைப் படிக்கவே ஆளு கிடையாது, அதை எதுக்குப்பா அமுக்கணும்?" என்றான் இவோ. "எங்களுதைத்தான் அமுக்கியிருக்கா."

லிபுஷேயோ பொரித்த சீஸைத் தின்றுகொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுக்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

திடீரென்று ஒடகார் துள்ளி எழுந்தான். "என் பிரிண்டர் பக்கம் எங்கடா? நானே எழுதினது, என் திரையிலயே காணோம்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போதும் லிபுஷே. இதைச் சேர்க்க முடியாது."

அவள் கை துடைத்துக்கொண்டு கருவியைத் தனியாக ஓட்டிக் காட்டினாள். நீலம், பச்சை, பிரிண்டர் பக்கம், எல்லாமே அட்டவணையில் இருந்தன.

"என் கருவி குடுத்திருக்கு. இவன் திரைதான் காட்டலை. அந்தப் பக்கத்துத் தலையில யாருதுன்னு போட்டிருக்கு, பாரு."

பார்த்தோம். 'பச்சை' என்றிருந்தது.

"காலையில நான்தான் மாத்தினேன். எழுத்து அவனுது, பேரு மட்டும் பச்சை. பச்சைன்னு இருந்தா காட்டாதேன்னு தன் திரைக்குச் சொல்லி வச்சிருக்கான். அது அவன் பெத்த பிள்ளையையே வெளிய தள்ளிடுச்சு."

இவோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"நீ ஏன்ப்பா சிரிக்கிறே? உன் ஸ்கேனர் பக்கத்தைத் தேடிப் பாரேன். அதுல நீலம்னு போட்டிருக்கேன்" என்றாள் லிபுஷே.

தேடினான். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன் லிபுஷேயிடம்.

"சொன்னா நம்பியிருப்பியா? திருட்டுத்தனம் பண்ணினது அவங்க. நீ முதல்ல வெட்டினது என்னை."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே கருவியைப் பதிப்பில் சேர்த்தேன்.