அன்புள்ள பல் டாக்டருக்கு

"அனுப்பிட்டியா இல்லையாடி?" என்று கூடத்திலிருந்து அம்மா மறுபடியும் கேட்டபோது, மகள் அப்பாவின் கணினி முன் நின்றபடியே பெயர்களை உருட்டிக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை. நாற்காலியில் அப்பாவின் சட்டை தொங்கியது.

அப்பா கூடத்தில் படுத்திருந்தார். காலையில் போன உயிர். நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்குள் சித்தப்பா வந்து முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அம்மா கேட்டது அது ஒன்றுதான். இந்த வீட்டு எண் என்றால் சித்தப்பா போனை எடுக்க மாட்டார். ஆளனுப்பினால் கதவைத் திறக்க மாட்டார். ஆனால் அண்ணனிடமிருந்து மெயில் வந்தால், பிழை கண்டுபிடிப்பதற்காகவாவது திறப்பார்.

அப்பா அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருந்தவர். ஓர் எக்ஸெல் ஷீட்டில் ஊரையே ஏற்றி, ஒரு மேக்ரோவும் எழுதி வைத்திருந்தார். பொத்தானைத் தட்டினால் அத்தனை பேருக்கும் அவரவர் பெயர் போட்டுத் தனித்தனிக் கடிதம் போய்விடும். கை வலிக்காத பாசம் என்பார். பெண்டாட்டிக்குக் கல்யாண நாள் வாழ்த்துகூட அதில்தான். "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

ஒருமுறை அவசரத்தில் செய்திகள் இருந்த கட்டங்களை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டார். செய்திகள் இடம் மாறின. பக்கத்துக் கட்டத்துப் பெயர்கள் அசையவில்லை. தையற்கடை திறந்த தம்பிக்கு, 'தங்கள் பேரிழப்பில் பங்குகொள்கிறேன்' என்று போயிற்று. மனைவியை இழந்த மருந்துக்கடைக்காரருக்கு, 'புதிய தொடக்கம் சிறக்கட்டும்.' மருந்துக்கடைக்காரர் ஆறே மாதத்தில் மறுமணம் செய்துகொண்டார். தையற்கடை ஒரே வருடத்தில் படுத்தது. இரண்டுக்கும் கடிதம்தான் காரணம் என்றார் சித்தப்பா. "மேக்ரோ தப்புப் பண்ணாது" என்றார் அப்பா. அதோடு பேச்சு நின்றது.

இப்போது அப்பா போன செய்தியை எல்லோருக்குமாகத் தட்டிவிட்டு, சித்தப்பாவும் பட்டியலில் இருக்கிறாரா என்று தேடிய மகளின் கண்ணில் 'தம்பி' என்ற பெயர் படவேயில்லை. தேடப் பொறுமையில்லாமல் பெயர்களை மட்டும் அகரவரிசையில் போட்டாள். திரையில் ஏதோ கேள்வி எழும்பியது. படிக்காமல் கைக்கு வந்த பதிலைத் தட்டினாள். 'தம்பி' கிடைத்தது. பொத்தானைத் தட்டினாள்.

அவள் கூடத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் போன் அலற ஆரம்பித்தது.

"மாடிவீட்டம்மா கேக்குறாங்க, நான் எப்போ பிளம்பர் ஆனேன்னு. என்னடி பண்ணித் தொலைச்ச?"

மகள் உள்ளே ஓடினாள். 'அன்புள்ள தம்பிக்கு' போய்ச் சேர்ந்த இடம் அப்பாவின் பழைய மேனேஜர். அவர் அழுதுகொண்டே கிளம்பிவிட்டாராம். பதவியில் இருந்த காலத்தில் ஒருவரும் அவரை அப்படி அழைத்ததில்லை. சித்தப்பாவின் முகவரிக்கு நேரே 'பல் டாக்டர்' என்றிருந்தது.

"திருத்தி இன்னொண்ணு அனுப்பட்டுமாம்மா?"

"அனுப்பு, அனுப்பு. இந்தத் தடவை என்னை மேனேஜராக்கு."

மகள் கணினிக்கும் வாசலுக்கும் இடையே நடந்தாள். வண்டி முன்னதாகவே வந்துவிட்டது. வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு மறுபடி எட்டிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்காத மாதிரி அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

கேட் படாரென்று திறந்தது.

"எங்கம்மா உங்கப்பா? அன்புள்ள பல் டாக்டராம்! எனக்கே வாயில நாலு பல்லுதான் இருக்கு. இத்தனை வயசாகியும் ஒரு வரிசை ஒழுங்காப் போடத் தெரியல, இவரு மேக்ரோ எழுதுறாராம் மேக்ரோ…"

செருப்பை உதறிக்கொண்டே வந்த சித்தப்பா கூடத்து நிலையருகே நின்றுவிட்டார். கையில் போன் இருந்தது. முதல் வரிக்குக் கீழே அவர் படித்திருக்கவில்லை.

அம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். விசிறி சுழன்றது.

"யாரு அனுப்புனது?" என்றார்.

"நான்தான் சித்தப்பா. பேரை மட்டும் மாத்திட்டேன்."

"பக்கத்துக் கட்டத்தையும் சேத்துக்கவான்னு அது கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு. படிக்கல."

"அவரும் படிக்கல."

சித்தப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனில் அந்த மெயிலுக்குக் கீழே ஒற்றை விரலால் ஏதோ தட்ட ஆரம்பித்தார். ஓர் எழுத்து, ஒரு யோசனை, இன்னொரு எழுத்து. வண்டிக்காரர் வாசலில் தொண்டையைச் செருமினார்.

"இருப்பா" என்றாள் அம்மா.

உள்ளறையில் அப்பாவின் கணினி ஒருமுறை மணியடித்தது. மகள் எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.